தேய்த்த இடம்

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வருஷா வருஷம் இதுதான். பூஜைக்கு முன்னால் செஞ்சியில் இருக்கிற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சீட் கவர், ஸ்டிக்கர், கண்ணாடி ஃபிலிம் என்று திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்து நிற்கும். பூஜை முடிந்து கடை ஓய்ந்த பிறகுதான் உடம்பு தன் குறையைச் சொல்லத் தொடங்கும். அப்படி ஒரு புதன்கிழமை காலையில் ராமகிருஷ்ணன் அண்ணன் அந்தக் காரைக் கொண்டுவந்தார்.

அவர் ரைஸ் மில் டிரைவர். அறுபதைத் தொடப்போகும் ஆள். மில்லை இப்போது பூங்குழலி நடத்துகிறது. அதற்கு முன்னால் அதன் அப்பா ராஜாங்கம் நடத்தினார். அண்ணன் அப்பாவுக்கும் ஓட்டினார், மகளுக்கும் ஓட்டுகிறார். அவர் தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி கிடக்கும். வண்டி எங்கே நின்றாலும் அந்தத் துணி பானட்டின் மேல் ஓடும். மில் வண்டிகள் உமித் தூசியிலேயே கிடப்பவை. ஆனால் அவர் ஓட்டிய வண்டியில் குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

இந்த வண்டியில் சீவிக்கொள்ள முடியாது. மேட் சாம்பல் நிறம். தொழிற்சாலையிலிருந்தே பளபளப்பு இல்லாமல் வருகிற பெயின்ட். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டணும் பாய். முழு வண்டிக்கும். பளபளன்னு இருக்குமே, அது போட்டுடு" என்றார் அண்ணன்.

"மேட் வண்டிக்கு பளபளப்பு ஃபிலிமாண்ணா? பூங்குழலியே சொல்லிச்சா?"

"எதுன்னு நீங்களே பாத்து போட்டுனு வாங்கன்னு சொல்லிட்டு கோயம்புத்தூர் போயிடுச்சு பாப்பா. மிஷின் கண்காட்சி. வெள்ளிக்கிழமைதான் வருது."

பூங்குழலிக்கு முப்பத்தாறு வயது. மில்லில் இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அண்ணனுக்கு அது இன்னும் பாப்பாதான்.

கீறல் விழாமல் பெயின்ட்டின் மேல் இந்த நிறமற்ற ஃபிலிமை ஒட்டும் யோசனை குரங்கால் வந்தது. கோட்டைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போன அன்று, வண்டியை நிறுத்திவிட்டுப் போனதும் கூரையில் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்து பேன் பார்த்திருக்கிறது. அன்றைக்குக் கீறல் விழவில்லை. அடுத்த முறை விழாது என்று குரங்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் பூங்குழலி எங்களுக்குப் போன் செய்து நாள் குறித்தது.

என் மனைவி மெஹர் பானுதான் கடையில் என் மற்ற இரண்டு கைகள். ஃபிலிம் ஒட்டுவது நான்கு கை வேலை. அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிற கீறல், புள்ளி எல்லாவற்றையும் ஒரு தாளில் குறிப்பது எங்கள் வழக்கம். தாளில் காரின் படம் அச்சடித்திருக்கும். எங்கே என்ன இருக்கிறதோ அங்கே வட்டம் போட்டு, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

"இங்க வாங்க" என்றாள் பானட் பக்கத்திலிருந்து. "இது இன்னாது?"

சாம்பல் நிறத்தின் நடுவே இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு. டார்ச் வெளிச்சம் மற்ற இடங்களில் பஞ்சு போலப் பரவியது. அந்த ஒரு இடத்தில் மட்டும் புள்ளியாக மின்னியது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டில் போகும் கல் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார், லாரி போன பிறகு.

மில்லில் பூஜைக்குப் பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். மறுநாள் துடைத்தால் சிவப்பு போகவில்லை. முப்பது வருஷமாகச் செய்ததைத்தான் செய்திருக்கிறார். பாலிஷ் போட்டு அரை மணி நேரம் தேய்த்தார். சிவப்பு போனது, பளபளப்பு வந்தது. அதை மறைக்கச் சுற்றிலும் கொஞ்சம் தேய்த்தார். இடம் பெரிதானது.

"வண்டி வந்த அன்னிக்கே சொல்லிச்சு பாய். அண்ணா, இதுக்கு பாலிஷ் கூடாது, அந்தத் துணி இது மேல படவே கூடாதுன்னு. ரெண்டு தடவ சொல்லிச்சு. தேச்சீங்கன்னா உங்கள எடைமேடைல உக்கார வச்சிடுவேன்னு சிரிச்சுக்கினே சொல்லிச்சு. ரெண்டாவது தடவ சிரிக்கல."

எடைமேடை மில்லின் கேட்டருகே இருக்கிறது. காலையிலிருந்து இருட்டும்வரை நெல் லாரி ஏறும், இறங்கும். எடை பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும். மோசமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் அது டிரைவர் வேலை இல்லை.

"அதான் பளபளப்பு ஃபிலிம் கேக்கறேன். மொத்த வண்டியும் மின்னினா இந்த எடம் தனியா தெரியாது இல்ல?"

யோசித்துத்தான் வந்திருந்தார். எனக்கு இடுப்பு வலித்தது. ஆனாலும் இப்படி ஒருவர் கேட்டுவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"மேட்னா தனிக் கலர் இல்லண்ணா. பெயின்ட் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குது. சாதா வண்டியில அது வழவழன்னு இருக்கும். வெளிச்சம் ஒரே பக்கமா திரும்பும், மூஞ்சி தெரியும். மேட்ல அதே பூச்சுதான், ஆனா கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமா செஞ்சிருப்பாங்க. வெளிச்சம் நாலா பக்கமும் செதறிடும். நீங்க பாலிஷ் போட்டு அந்த மேட்டையெல்லாம் அரைச்சுட்டீங்க. போன மேடு திரும்பி வராது."

"பெயின்ட் மறுபடி அடிச்சா?"

"பானட் முழுக்க அடிக்கணும். அடிச்சாலும் பக்கத்துல இருக்கற பாகத்தோட ஒத்துப்போவறது கஷ்டம்."

அவர் துணியைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார், பிரித்தார்.

"ஏங்க" என்றாள் மெஹர் பானு, "போனது எப்படிப் போச்சுன்னு சொன்னது போதும். அவருக்கு வேண்டியத சொல்லுங்க."

நான் சோப்புத் தண்ணீர் ஸ்பிரேயை எடுத்துப் பானட்டில் தாராளமாக அடித்தேன். தேய்த்த இடம், தேய்க்காத இடம் எல்லாம் நனைந்தது. "இப்ப காட்டுங்க, எங்க இருக்குது?"

அண்ணன் குனிந்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பானட் முழுவதும் ஒரே மாதிரி ஈரமாக மின்னியது.

"எங்க போச்சு?"

"எங்கயும் போவல. சிமென்ட் தரை காஞ்சிருந்தா வெளுத்துத் தெரியும். தண்ணி ஊத்தினா கறுப்பா மின்னும். பள்ளத்தையெல்லாம் தண்ணி நெரப்பிடுது, அதான். ஃபிலிமோட பசையும் அதையேதான் செய்யும். பள்ளத்துல எறங்கி ரொம்பிடும். அதுக்கப்பறம் வெளிச்சம் பெயின்ட்டோட மேல்பக்கத்தைப் பாக்கறதே இல்ல. ஃபிலிமோட மேல்பக்கத்தைத்தான் பாக்கும். அது வழவழன்னு இருந்தா வண்டி மின்னும். மேட் ஃபிலிம்னா மேடு பள்ளம் ஃபிலிம் மேலயே இருக்கும். உள்ள பெயின்ட் எப்படி இருந்தாலும் வெளிய மேட்தான்."

"அப்ப மேட் போட்டாலும் மறைஞ்சிடுமா?"

"மறைஞ்சிடும்."

இதைச் சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது. அண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. தண்ணீர் ஓரங்களிலிருந்து காயத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடம் திரும்பி வந்தது. அவர் ஸ்பிரேயை என் கையிலிருந்து வாங்கி மறுபடி அடித்தார்.

"பளபளப்பு ஃபிலிம் போட்டா தெனம் துணி போடலாமா?"

"தாராளமா."

"மேட்?"

"தண்ணி, சோப்பு, மெத்துன்னு ஒரு துணியால ஒத்தி எடுக்கணும். அழுத்தித் தேச்சா ஃபிலிம் மேலயும் இதே மாதிரி மின்ன ஆரம்பிச்சிடும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மெஹர் பானு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. எனக்கும் நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். பளபளப்பு ஃபிலிம் போட்டால் தேய்த்த இடமும் மறையும், துணியும் தோளில் இருக்கும். பாப்பா எதுவென்று சொல்லவில்லை. மேட் வண்டிக்கு மேட்தான் போடுவார்கள் என்று அது நினைத்திருக்கும். ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை.

"இந்தக் கலர எதுக்கு வாங்கிச்சு தெரியுமா?" என்றார் அண்ணன். "நானே கேட்டேன். தெனம் காலைல மில்லுக்குக் கெளம்பும்போது பழைய வண்டிக் கதவுல என் மூஞ்சி தெரியுதுண்ணா, அதப் பாத்தாலே அசதியா இருக்குது, இதுல தெரியாதுன்னுச்சு."

அவர் தன் துணியைப் பார்த்தார்.

"நான் தேச்சுத் தேச்சு வச்ச மூஞ்சி" என்றார். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்தார். "மேட்டே போடு பாய்."

"சரி. தாள்ல வட்டம் போட்டுடறேன்."

"அத மட்டும் விட்டுடேன். ஒட்டினா யாருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆறு ஏழு வருஷத்துல ஃபிலிம் பழசாயி எடுக்கணும்ணா. எடுத்தா அந்த எடம் அப்படியே இருக்கும். தாள்ல இல்லன்னா நாங்க தேச்சதுன்னு ஆயிடும்."

"அப்ப நான் எங்க இருப்பனோ."

"நாங்க இங்கதான் இருப்போம்" என்றாள் மெஹர் பானு. கோபமாகச் சொல்லவில்லை. பழைய ஸ்டிக்கரைச் சுரண்டுகிற சலிப்போடு சொன்னாள்.

தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

வேலை இரண்டரை நாள் பிடித்தது. முதலில் வண்டியைக் கழுவி உமித் தூசியைப் போக்க வேண்டும். உமியின் ஒரு துணுக்கு ஃபிலிமுக்கடியில் மாட்டினாலும் கொப்புளம் மாதிரி நின்றுவிடும். தேய்த்த இடத்தில் பாலிஷ் மெழுகு இறங்கியிருந்தது. அது இருந்தால் பசை பிடிக்காது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒத்தி ஒத்தி எடுத்தேன், நாலு தடவை. பிறகு தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஃபிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ளினோம். மத்தியானம் ஆனால் எதிரில் இருக்கும் பாறைக் குன்றுகள் சூடேறிக் கடைக்குள்ளேயே அனல் அடிக்கும். பசை அவசரமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பெரிய பாகங்களைக் காலையில் முடித்துக்கொண்டோம். இரண்டு தடவை கரண்ட் போனது. மெஹர் பானு ஓரம் பிடிக்க, நான் தள்ளினேன்.

அண்ணன் மூன்று நாளும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பானட் ஒட்டி முடிந்த அன்று எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தார். சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பளபளப்பு வெயிலிலும் இல்லை, டார்ச்சிலும் இல்லை. அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேனா கேட்டார். தாளில் பானட்டின் மேல் வட்டம் போட்டார். வட்டம் போட வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'பாலிஷ் போட்டு தேய்த்தது. தேய்த்தது நான். கி. ராமகிருஷ்ணன்.'

பூங்குழலி நான்கு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. பஸ்ஸில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து, "நல்லா வந்திருக்குது பாய். ஒட்டினதே தெரியல" என்றது. நான் தாளைக் கொடுத்தேன். கையெழுத்துப் போடக் குனிந்தது, படித்தது. பேனா நின்றுவிட்டது.

"எப்பண்ணா?"

"பூஜைக்கு மறுநாள் பாப்பா."

"நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே?"

"ஆமா."

"அதான் நான் கெளம்பற வரைக்கும் வண்டிய ஷெட்டுக்குள்ள மூஞ்சிய வச்சு நிறுத்தினீங்களா?"

பூங்குழலி பானட்டருகே போய்க் குனிந்து பார்த்தது. "எங்க?"

அண்ணன் வந்து விரலை வைத்தார், தடவாமல், தொட்டும் தொடாமல். "இங்கருந்து இதுவரைக்கும்."

"தெரியலையே."

"தெரியாது. உள்ள இருக்குது."

"பாய், நீங்க சொல்லுங்க. இது வெளிய தெரியுமா?"

"ஃபிலிம் எடுக்கற வரைக்கும் தெரியாதும்மா."

"அப்பறம் எதுக்குண்ணா எழுதினீங்க?"

"பாய் எழுதச் சொன்னாரு" என்றார் அண்ணன். கொஞ்சம் பொறுத்து, "எழுதலன்னா தெனம் அந்த எடத்தையே பாத்துக்கினு ஓட்டணும் பாப்பா. டிரைவர் சீட்ல உக்காந்தா நேரா அதான் தெரியும்."

போன் மறுபடி அடித்தது. பூங்குழலி அதை அணைத்துவிட்டு எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தது. செருப்பைக் கழற்றிக் காலை நீட்டியது. ரொம்ப நேரம் பானட்டையே பார்த்தது. எடைமேடை என்ற வார்த்தை வருமோ என்று நான் காத்திருந்தேன். மெஹர் பானு ரப்பர் தகடுகளைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

"துணிய குடுங்க" என்றது பூங்குழலி.

அண்ணனுக்குப் புரியவில்லை. தோளைக் காட்டியதும்தான் எடுத்துக் கொடுத்தார். பூங்குழலி அதை நாலாக மடித்தது. தூக்கிப் போடும் என்று நினைத்தேன். கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தது. தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தது. பிறகு சாவியை அவரிடம் நீட்டியது.

"போலாம்ணா. எனக்குத் தூக்கம் வருது. பாத்து ஓட்டுங்க."

அவர் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வண்டி ஷட்டரைத் தாண்டி ரோட்டோரம் நின்றது. திருவண்ணாமலைப் பக்கமிருந்து உமி ஏற்றிய லாரி ஒன்று தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் போனது. பொன் நிறத் தூசி பானட் முழுவதும் வந்து படிந்தது. பின்சீட்டில் பூங்குழலி ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தது. டிரைவர் சீட்டில் அண்ணனின் வலது கை தோளுக்குப் போவது தெரிந்தது. போய், அங்கே எதுவும் இல்லாமல், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

கதவு திறக்கும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. இண்டிகேட்டர் போட்டார். பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு, தூசியோடு வண்டியை ரோட்டில் ஏற்றினார்.

"தாள பத்திரமா வைங்க" என்றாள் மெஹர் பானு. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன்.