ஒரு பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்

முப்பத்தொரு வருஷமாக வீட்டில் பீர் போடுகிறேன். டப்பாவில் வருகிற மால்ட் பாகு, ஒரு கிலோ சர்க்கரை, டப்பா மூடிக்கு அடியில் இருக்கிற ஈஸ்ட் பொட்டலம், இருபத்து மூன்று லிட்டர் தண்ணீர். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். பத்து நாளில் புளித்து அடங்கிவிடும். பாட்டிலில் அடைக்கிற அன்று, ஒரு பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. அதுதான் உள்ளே வாயுவைக் கிளப்பி நுரை கொடுக்கும். போடாவிட்டால் கழுநீர். இரண்டு ஸ்பூன் போட்டுத் தொலைத்தால் வெடிகுண்டு. இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது?

எதற்கு இவ்வளவு விளக்குகிறேன் என்றால், போன டிசம்பரில் என் ஷெட்டில் பாட்டில்கள் வெடித்தன. ஒன்றல்ல, பதினொன்று. வீட்டில் போட்ட பீர் வெடிப்பது இந்தக் கடலோர வல்லரூ ஊரில் நடக்காத காரியம் இல்லை. ஆனால் அந்தத் தடவை நான் அடைத்தது வெறும் பீர் இல்லை. என் புத்தி சரியாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை அது.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் ஏதாவது ஒன்று ஏடாகூடமாக நடந்துகொண்டே இருந்தது. கார் சாவி துணிக் கிளிப் வாளியில் கிடந்தது. நீதான் அங்கே போட்டாய் என்றாள் என் மனைவி கிளெனிஸ். போட்டேனா? போட்டிருக்கலாம். காலிச் சட்டிக்கு அடியில் அடுப்பு எரிந்து சட்டி கருகியது. நான்தான் முட்டை வேகவைக்கப் போய் மறந்துவிட்டேனாம். எனக்கு முட்டை சாப்பிட்ட நினைவும் இல்லை, சாப்பிடாத நினைவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் என் அண்ணன் கிளெம் முகம் கண்முன் வந்து நின்றது. அறுபத்தெட்டு வயதில் அவன் தன் சொந்த மகளைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்டவன். எனக்கு எழுபத்திரண்டு.

அடிலெய்டிலிருந்து என் மகள் ரேலீன் போனிலேயே என்னை விசாரிக்க ஆரம்பித்தாள். இன்றைக்கு என்ன கிழமை அப்பா, நேற்று என்ன சாப்பிட்டாய் அப்பா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய? பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஜனவரி எட்டாம் தேதிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அவர் கைவிரித்தால் கார் ஓட்டும் லைசென்ஸ் போய்விடும். கார் போனால் இங்கே காலம் தள்ள முடியாது. வீட்டை விற்றுவிட்டு அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யூனிட் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கிளெனிஸ் பிறந்தது இதே தெருவில். கடற்பாலம் கண்ணில் படாத ஊரில் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அதனால்தான் அந்தப் பரீட்சை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பீப்பாய் பீர். முதலிலிருந்து கடைசிவரை நானே தனியாக. ஒவ்வொரு வேலையும் முடிந்த கையோடு நோட்டில் எழுதி டிக் போட வேண்டும். முப்பது பாட்டிலும் ஒழுங்காக வந்தால் என் மண்டை ஒழுங்காக இருக்கிறது. கோணலாக வந்தால் டாக்டரிடம் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டிசம்பர் நாலாம் தேதி அடைத்தேன். புளிப்பு முழுதாக அடங்கிவிட்டதா என்று மிதவைக் குழாயை விட்டு இரண்டு நாள் பார்த்தேன், அளவு அசையவில்லை. எழுதி டிக் போட்டேன். பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் முப்பதையும் மேஜைமேல் ஆறு ஆறாக நிறுத்தினேன். புதுச் சர்க்கரைப் பாக்கெட்டைப் பிரித்து, புனல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் போட்டேன். அதற்கும் டிக். பீரை ஊற்றலாம் என்று குழாயில் கைவைக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டார்சி கத்தினான். டார்சி பாஸ்கோ, பக்கத்து வீட்டுக்காரன், நாற்பது வருஷத்துக் கூட்டாளி. படகு ஏற்றுகிற வண்டியின் சக்கரம் மணலில் புதைந்துவிட்டதாம். போய்த் தள்ளிவிட்டு வர அரைமணி ஆயிற்று. வந்து கையைக் கழுவி, முப்பது பாட்டிலையும் நிரப்பி, மூடியை அழுத்தி, ஷெட்டில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கிளெனிஸுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

பதினாறு நாள் கழித்து, வெயில் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்ட மத்தியானம், ஷெட்டில் டமார் என்று ஒரு சத்தம். போய்க் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் நுரை, தரையெல்லாம் கண்ணாடி. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொன்று. டார்சி வேலி தாண்டி ஓடிவந்தான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

"லின்ட்ஸி மாப்ள, ரெண்டு தடவ சக்கர போட்டுட்டியாடா?"

ஒரே தடவைதான் போட்டேன் என்று அடித்துச் சொன்னேன். மறதிக்காரனும் இப்படித்தானே அடித்துச் சொல்வான்? கிளெம் அண்ணன் தன் மகளைப் பார்த்து, இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று சத்தியம் பண்ணவில்லையா? நோட்டை எடுத்துப் பார்த்தேன். டிக் இருக்கிறது. ஆனால் டார்சியின் வண்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி ஒரு சுற்று போட்டுவிட்டு, அதற்கு டிக் போட மறந்திருந்தால்? மறந்ததை யார் எழுதிவைப்பார்கள்? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. நான் புனலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவை நிற்பதுபோலக்கூட மனசில் ஒரு படம் வந்துவிட்டது. அது நிஜமாக நடந்ததா, பயத்தில் நானே வரைந்துகொண்டதா என்று அப்போது யார் கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் ஒரு விஷயம் பளிச்சென்று உறைத்தது. சர்க்கரைப் பாக்கெட். அன்றைக்குத்தான் பிரித்தேன், அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. கிளெனிஸின் சமையல் தராசை எடுத்துவந்து நிறுத்துப் பார்த்தேன். ஸ்பூன் ஆறு கிராம். முப்பது ஸ்பூன் நூற்றெண்பது. ஒரு கிலோவில் அது போனால் மிச்சம் எண்ணூற்றிருபது இருக்க வேண்டும். எண்ணூற்றுப் பதினெட்டு இருந்தது. அப்பாடா! ஷெட்டில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். ஒரே தடவைதான். என் புத்தி எங்கேயும் போகவில்லை.

சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது பாட்டில் வெடித்தது. சரி, ஒரு தடவைதான் போட்டேன் என்றால் இது ஏன் வெடிக்கிறது? புளிப்பும் அடங்கியிருந்தது, பாட்டிலும் சுத்தம், சர்க்கரையும் சரி. மேலே ஏறமுடியாமலும் கீழே இறங்கமுடியாமலும் ஏணி நடுவில் நிற்பவன் மாதிரி ஆகிவிட்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி ரேலீன் வந்து இறங்கினாள். அவள் பையைக் கீழே வைக்கிற நேரம் பார்த்து ஷெட்டில் இரண்டு பாட்டில்கள் ஜோடியாக வெடித்தன. கிளெனிஸ் அடுப்பிலிருந்து மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டிகளை எடுத்துக்கொண்டே, அப்பா இந்த வருஷம் சர்க்கரையைக் கணக்கில்லாமல் கொட்டிவிட்டார் என்று சிரித்தபடி சொன்னாள். ரேலீன் சிரிக்கவில்லை. நான் நோட்டைக் காட்டினேன், பாக்கெட்டைக் காட்டினேன், தராசில் வைத்தும் காட்டினேன். வக்கீல்கூட அப்படி வாதாடியிருக்க மாட்டான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் கைவைத்தாள்.

"அப்பா, முதல் பாக்கெட்ட காலி பண்ணிட்டு, இது நீ பிரிச்ச ரெண்டாவது பாக்கெட்டா இருக்கலாம்ல?"

இருக்கலாம். இல்லை என்று எதை வைத்துச் சொல்ல? வீட்டை விற்பதைப் பற்றி அவள் அன்றைக்குப் பேச்செடுக்கவில்லை, எடுத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நான் போய் ஷெட் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் எறும்பு. சமையலறைக் கதவோரமாக ஆரம்பித்து, நடைவழியைத் தாண்டி, துணி துவைக்கிற அறைக்குள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன். தொட்டிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி. எங்கள் பக்கத்தில் வீட்டு பீர் வாங்கிக் குடிக்கிறவன் காலி பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனுக்கு அடுத்த பாட்டில் கிடையாது. டார்சி திருப்பிக் கொடுத்த பன்னிரண்டு பாட்டில்கள் அந்தப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் எறும்பு. ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சர்க்கரை. எல்லாவற்றிலும், சரியாக ஒரு ஸ்பூன்.

ஒன்றைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினேன். பழுப்புச் சர்க்கரை. ஷெட்டில் நான் வைத்திருப்பது வெள்ளை. பழுப்பு, கிளெனிஸ் டீக்குப் போட்டுக்கொள்வது, சமையலறை ஜாடியில் இருப்பது. அடுத்த பீப்பாய்க்கு நான் இன்னும் டப்பாகூட வாங்கவில்லை. அடைப்பதற்கு ஒன்றுமில்லாத பாட்டிலில் யாராவது சர்க்கரை போடுவார்களா?

அப்போதுதான் அந்த அரைமணி நேரம் நினைவுக்கு வந்தது. நான் டார்சியின் வண்டியைத் தள்ளப் போயிருந்தபோது முப்பது பாட்டில்களும் வாயைத் திறந்துகொண்டு மேஜைமேல் நின்றன. நான் மறந்துபோவேன் என்று பயந்து அவள் வந்து போட்டிருக்கிறாள். பழுப்புக் கண்ணாடிக்குள் பழுப்புச் சர்க்கரை என் கண்ணில் படவில்லை. பாவி, எனக்கு உதவி செய்திருக்கிறாள்! ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நான் மறக்கவில்லை, வெடித்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. கையில் ஒட்டிய சர்க்கரையோடு சமையலறைக்குப் போனேன்.

"கிளெனிஸ், பாட்டில்லயெல்லாம் நீ சக்கர போட்டியா?"

"நானா? உன் பீர் விவகாரத்துல நான் என்னைக்குத் தலையிட்டிருக்கேன்?"

"அந்தப் பெட்டியில இருக்கிற பாட்டில்ல?"

"எந்தப் பெட்டி?"

நாற்பத்தாறு வருஷம் கூடவே இருக்கிறேன். சீட்டாட்டத்தில் பொய் சொன்னால் அவள் காது சிவந்துவிடும். இப்போது சிவக்கவில்லை. முகம் துடைத்துவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. தான் போட்டது அவளுக்கே தெரியவில்லை.

சாவியை நான் போட்டேன் என்று சொன்னது யார்? அவள். முட்டையை நான் வைத்தேன் என்று சொன்னது? அவள். நான் எதையாவது மறந்ததை வேறு யாராவது கண்ணால் பார்த்தார்களா? டார்சி பார்த்தானா? ரேலீன் பார்த்தாளா? ஒரு வருஷமாக அவள் சொன்னாள், நான் நம்பினேன். அவள் வார்த்தையை நான் எப்போது நம்பாமல் இருந்திருக்கிறேன்? சந்தோஷமெல்லாம் அப்படியே வடிந்துபோயிற்று. இதற்கு என் புத்தியே போயிருக்கலாம் என்று தோன்றியது. நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

ரேலீன் உள்ளே வந்தாள். எறும்பைப் பார்த்துவிட்டுப் பெட்டிவரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள், கையில் ஒரு பாட்டில்.

"வெறும் பாட்டில்ல யாரு சக்கர போட்டது?"

கிளெனிஸ் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னக் கலக்கம் ஓடியது, ஏதோ வாய்வரைக்கும் வந்து நிற்கிற மாதிரி. இதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும், ரேலீனிடமும் சொல்லத்தான் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மகள் முன்னால், இப்படி நிற்கவைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நான்தாம்மா," என்றேன். "போட்டேன் போல. டாக்டர்கிட்ட போறேன். ஆனா உங்கம்மாவும் உள்ள வந்து கூட உக்காரணும். அவளையும் டாக்டர் நாலு கேள்வி கேக்கட்டும். இல்லாட்டி நான் போகமாட்டேன்."

ரேலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். கிளெனிஸின் கலக்கம் போய்விட்டது. அவள் என் பக்கத்தில் வந்து, என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தன் சமையல் மேல்துணியால் துடைத்துவிட்டாள்.

"வராம இருப்பேனா, லின்ட்ஸி? நீ எதுக்கும் பயப்படாத. நீ மறந்துட்டா என்ன, உனக்கும் சேத்து நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

சரி என்றேன்.