பூட்டிய அறையில் இரண்டு பேர்

இயர்போனை மறுபடி காதில் மாட்டியதும் அவள் முதலில் கேட்டது மகளின் அலறல். அதன் மேலேயே மரம் பிளக்கும் சத்தம். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை யாரோ கதவை உடைத்துக்கொண்டு அறைக்குள் விழுந்தார்கள்.

"எழுந்திருங்க!" கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்தது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், ஓடினான்.

கடற்கரைக்கும் விடுதிக்கும் நடுவே ஒரு சாலை. அதற்கப்புறம் மூன்று மாடிப் படி. அவ்வளவுதான் தூரம் என்றுதான் மதியம் சாப்பிட்ட கையோடு அவள் அவனைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் அசந்து தூங்கினார்கள். ஐந்து வயதுப் பெரியவள் கதவைத் திறந்து வெளியே வந்துவிடக் கூடாதென்று சாவி போட்டுப் பூட்டியது அவள்தான். தலையணை மேல் ஒரு போனைத் தன் போனோடு இணைப்பில் விட்டதும் அவள்தான். வாடிக்கையாளர் சேவை மையத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு உழைப்பவள். எதிர்முனையில் இருப்பவர் கத்தப் போகிறாரா அழப் போகிறாரா என்பதை மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவாள். 'மூச்சு கேட்குதுல்ல, அப்புறம் என்ன பயம்?' என்று கணவனிடம் சொன்னாள்.

மணலில் உட்கார்ந்து பத்து நிமிடம் போல் கேட்டாள். அப்போது அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், கல்யாணமான புதிதில் பேசுவது போல. வெல்டிங் பட்டறையில் கத்திக் கத்திப் பேசியே பழகியவன், அன்றைக்கு மெதுவாகப் பேசினான். ஒரு காதில் பிள்ளைகளின் மூச்சை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியவில்லை. இயர்போனைக் கழற்றி மடியில் போட்டாள். நடுவில் அவன், "தூங்குறாங்கதானே?" என்று கேட்டான். "நல்லாத் தூங்குறாங்க," என்றாள்.

மூன்றாவது மாடிக்கு வந்தபோது கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னலுக்குக் கீழே இருந்த கண்ணாடி மேசை நொறுங்கிக் கிடந்தது. கடலைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட மகள் அதன் மேல் ஏறியிருக்கிறாள். கட்டிலில் அவளுடைய மாமன், இவளுடைய அண்ணன், அந்தக் குட்டிக் கையைத் துண்டால் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தான். துண்டையும் மீறி ரத்தம் அவன் முழங்கை வரை வழிந்தது. சின்னவன் கட்டிலுக்கடியில் கிடந்து கதறினான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அண்ணன். அம்மா அப்பா போனபின் இவளை வளர்த்தவன். காதல் கல்யாணம் என்று ஆறு வருடம் பேசாமல் இருந்தவன். இந்தச் சுற்றுலாவுக்கு வரச் சம்மதித்ததே மருமக்களின் முகத்துக்காகத்தான். மணல் விளையாட வாளி வாங்கக் கடைக்குப் போனவன், திரும்பி வரும்போது அலறல் கேட்டுக் கதவை உடைத்திருக்கிறான்.

"பிடிம்மா," என்று துண்டை இவளிடம் கொடுத்தான். அடுத்த நொடி அவன் முஷ்டி கணவனின் தாடையில் இறங்கியது.

"உனக்குக் கடல் கேக்குதா? பெத்த பிள்ளைங்களப் பூட்டி வெச்சிட்டு உனக்குக் காத்து கேக்குதாடா?"

இரண்டாவது அடியில் கணவன் அலமாரியில் மோதினான். மூன்றாவது வயிற்றில் விழுந்தது. அவன் மடங்கினான், ஆனால் கை தூக்கவில்லை.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன், மச்சான்," என்றான். வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. "தப்பு என்னுதுதான்."

"மச்சானா? யாருடா உனக்கு மச்சான்? அன்னைக்கே சொன்னேன், இவன் உன்னை நடுத்தெருவுல நிறுத்துவான்னு!" முடியைப் பற்றித் தலையைச் சுவரில் இடித்தான். சுவரில் சிவப்பாக ஒரு தீற்றல் விழுந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டால் அண்ணன் அவளுக்கு மிச்சம். ஆறு வருடம் தவம் கிடந்து கிடைத்த அண்ணன். அதற்கு விலை, செய்யாத தப்புக்கு அடி வாங்கிக்கொண்டிருக்கும் இந்த மனிதன்.

இரண்டாவது தடவை தலை சுவரில் மோதியது.

"அண்ணா, விடு! நான்தான் கூப்பிட்டேன். நான்தான் பூட்டினேன். கேட்டுக்கிட்டே இருக்கேன்னு அவர்கிட்டப் பொய் சொல்லிட்டு, காதுலேர்ந்து கழட்டியும் வெச்சேன்."

அண்ணன் திரும்பினான். வளர்த்த நாளில் ஒரு தடவைகூட அவளைத் தொட்டு அடித்ததில்லை. அறைந்தான். கட்டில் சட்டத்தில் அவள் காது மோதியது. மகள் வீறிட்டாள்.

அதுவரை கை தூக்காத கணவன் அப்போதுதான் எழுந்தான். தலையைக் குனிந்து காளை மாதிரி அண்ணனின் மார்பில் பாய்ந்தான். இருவரும் கண்ணாடித் துண்டுகள் மேல் விழுந்தார்கள். "என்னை எவ்வளவு வேணும்னாலும் அடி. அவமேல கை வெச்ச..." மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான். அண்ணன் அவன் தோளைக் கடித்தான். அவள் ஒரு கையால் மகளின் துண்டைப் பிடித்தபடி, மறு கையால் யார் சட்டை என்று தெரியாமல் ஒரு சட்டையை இழுத்தாள்.

"தம்பி எங்க?" என்றாள் மகள்.

யாரும் கேட்கவில்லை. மகள் தன் முழு பலத்தோடு கத்தினாள். "தம்பியக் காணோம்!"

கட்டிலுக்கடியில் யாரும் இல்லை. வாசலில் தொங்கிய கதவின் இடுக்கில் ஒரு குழந்தை தாராளமாகப் போகலாம்.

கீழே சாலையில் லாரி ஹாரன் நீளமாக அலறியது.

ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொண்டார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். வெளிவாசலில், தரை துடைக்கிற பெண் சின்னவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய மாப்பு நடுரோட்டில் நசுங்கிக் கிடந்தது.

"லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், இது கை தட்டிட்டு நிக்குது!" என்றாள் அந்தப் பெண். ரத்தம் ஒழுகும் முகங்களை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு பேர் இருக்கீங்க. மூணு பேர் இருந்துமா? யாருய்யா இதுக்கு ஆத்தா அப்பன்?"

கணவன் மூச்சு வாங்கினான். அண்ணன் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நான்தாங்க அம்மா," என்றாள் அவள்.

மருத்துவமனையில் டாக்டர் ஊசி நூலை எடுத்துக்கொண்டே ஆண்கள் இருவரையும் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் ஒரே படியிலேர்ந்தா விழுந்தீங்க? வரிசையில நில்லுங்க. முதல்ல குழந்தை." பிறகு இவளிடம், "அடிபட்டப்போ கூட யார் இருந்தா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல."

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தலையசைத்துத் தடுத்தாள். அண்ணன் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, தன் கைக்குட்டையைக் கணவன் பக்கம் நீட்டினான். கணவன் வாங்கி உதட்டில் வைத்துக்கொண்டான்.

தையல் போடும்போது பிடித்துக்கொள்ள அவள் மகளிடம் கையை நீட்டினாள். மகள் தன் நல்ல கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். நீ போயிடுவ. அப்பா பிடிக்கட்டும்."

கணவன் முன்னால் வந்து பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து, மகள் தலையைத் திருப்பாமலே பார்க்கக்கூடிய இடத்தில், கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள்.

ஊசி இறங்கியது. மகள் கண்ணை இறுக்கி மூடிக் கத்தினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து கால்மாட்டைப் பார்த்தாள். அம்மா நின்றாள். அடுத்த தையல். மறுபடி அந்த ஒரு கண்.

மொத்தம் பதினோரு தையல். பதினோரு தடவையும் பார்த்தாள்.