பேர் சொல்லிக் கூப்பிடுவது

“உன் பொண்ணு இப்ப எந்த லெவல்ல இருக்குது வேலு?” என்று ஆபிரகாம் கேட்டபோது ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருந்தது. “முந்நூறு” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எங்கள் பெட்டியில் வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கச் சுரங்கத்துக் குடும்பங்கள். எங்களுக்கு லெவல் என்றால் ஆழம். எண் ஏற ஏற ஆள் கீழே போகிறான் என்று அர்த்தம், சூடும் கூடும். என் மகள் பாக்யா படிக்கிற ஹாலந்து கல்லூரியிலோ முதல் வருஷப் பாடத்துக்கு நூறு லெவல் என்று பெயர், அடுத்தது இருநூறு, கடைசி வருஷம் முந்நூறு. “நம்ம மைன்ஸே நூத்திச் சொச்சம் லெவலோட நின்னு போச்சு. முந்நூறுன்னா பூமிக்கு அந்தாண்ட வந்துடுமேப்பா” என்றான் ஆபிரகாம். “அதான் ஹாலந்துல போய் வெளிய வந்துச்சு” என்றேன். பெட்டியே சிரித்தது.

நான் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜில், அதாவது கீழே போய்வரும் இரும்புக் கூண்டில், ஆள் ஏற்றி இறக்கி மணியடித்தவன். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர் வேலை. அன்றிலிருந்து ரயில்தான் எனக்குப் பாதி வீடு. மகள் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஹாலந்துக்குப் போன கதையை நான் சொல்லாத ஆள் இந்த லைனில் கிடையாது. ஆனால் என்ன படிக்கிறாள் என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்வேன். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. யூனிவர்சிட்டி காலேஜ் என்று பெயர். மண் அறிவியல் கொஞ்சம், தத்துவம் கொஞ்சம், புள்ளியியல் கொஞ்சம் என்று அவளே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். படிக்கிற வளாகத்திலேயே எல்லாரும் குடியிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு சமையலறை, ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, மத்தியானத்துக்கு ஆறிப்போன ரொட்டி. பக்கத்து அறைப் பெண்ணோடு டீ குடிக்க வேண்டுமென்றால்கூட முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டுமாம், நாம் கல்யாணத்துக்குக் குறிக்கிற மாதிரி. ஆபிரகாம் அதற்கு மிக்சர் படிப்பு என்று பெயர் வைத்துவிட்டான். இருக்கட்டும், மிக்சர் பிடிக்காதவர் யார்?

லீவுக்கு வந்தவள் ஒரு வாரம் தின்றாள், தூங்கினாள், அவள் அம்மாவோடு சண்டை போட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் நான் ஸ்டேஷனிலிருந்து வந்தபோது கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, துண்டை எடுத்துத் துடைக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூடப் பேசுகிற பிள்ளை.

“இன்னாம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லப்பா” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எங்கள் ஊர் சயனைடு மேட்டில் எந்தப் புல் முளைக்கிறது, எது முளைப்பதில்லை, ஏன் என்று ஆராய்வது பாக்யாவின் ஆசை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்தான் அந்த மேடு, அதன் நிழலில்தான் வரிசை வரிசையாக எங்கள் லைன் வீடுகள். அந்தக் கல்லூரியில் இப்படிப்பட்ட மண்ணைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒரு ஆசிரியை. அவர் ஒத்துக்கொண்டால்தான் ஆய்வு. கேட்டு எழுதியிருக்கிறாள். பதில் வந்திருந்தது. நீ இரண்டு வருஷமாக என் வகுப்பில் இருக்கிறாய், ஒருமுறைகூட என்னோடு பேசியதில்லை, உன் மடல்களில் என் பெயரைக்கூட எழுதுவதில்லை, என்னையோ என் பாடத்தையோ உனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், வியாழக்கிழமை வீடியோவில் பேசலாம், பிறகு முடிவு சொல்கிறேன் என்று இருந்தது.

“அவங்களை உனக்குப் புடிக்கலியா?”

“அய்யோ, ரொம்பப் புடிக்கும்ப்பா.” கண்ணில் தண்ணீர் நின்றது. “அங்க டீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்புடணும். மேடம்னு சொன்னா சிரிக்கிறாங்க. அவங்களே முதல் நாள், மேடம் வேணாம், பேர் சொல்லுன்னாங்க. அறுபது வயசுப்பா அவங்களுக்கு. எனக்கு வாயே வரல. பேர் சொல்லாம எப்படிக் கூப்புடுறது? அதனால கூப்புடவே இல்ல.”

“அப்ப சந்தேகம் வந்தா?”

“பக்கத்துல போய் நின்னு இருமுவேன்.”

ஒருமுறை அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து இவளுக்கு இருமல் மிட்டாய் கொடுத்தாராம். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வகுப்பில் பேசுகிறதுக்குத் தனி மார்க் உண்டு, அத்தனையும் போச்சு என்றாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆசிரியரை மறித்து, நீ சொல்வது தப்பு என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், இவள் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். “இது கெடைக்கலன்னா நான் எதுக்குப்பா திரும்பிப் போகணும்? ஏதோ ஒரு ஆய்வு பண்ணி, ஏதோ ஒரு டிகிரி வாங்கறதுக்கா? சத்தியமா போக மாட்டேன்” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மகளை எனக்குத் தெரியும்.

ரயிலில் நான் அடித்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது. அதைவிட, இரண்டு வருஷம் அந்தக் குளிரில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாளே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. “இது ஒரு விசயமா? பழகிக்கினா வந்துடும். என்னைப் பேர் சொல்லிக் கூப்புடு.”

“உன்னையா?”

“ஆமா. நான்தான் அந்த டீச்சர். கூப்புடு.”

நீ, வா, போ என்றெல்லாம் என்னை அவள் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அதற்கு மேலும் கூப்பிடுவாள். பெயர் மட்டும் வரவில்லை. “தங்...” என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் துண்டைத் தோளில் போர்த்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வெள்ளைக்கார அம்மாள் போல உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த அவள் அம்மா குணசுந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. “வீட்டுப் பெரிய மனுசன் பேரை வச்சிக்கினு இன்னா வெளையாட்டு இது?” என்றாள். அவள் கோபப்படுவது நியாயம்தான். ரேஷன் கடையில் புருஷன் பேர் என்ன என்று கேட்டால், தாலித் தங்கத்தைத் தொட்டுக் காட்டி, சுவரில் இருக்கிற முருகன் கையிலுள்ள வேலைக் காட்டுகிறவள் என் மனைவி. அந்தக் கடையில் முருகன் படம் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்கு அரிசியே கிடைத்திருக்காது.

“அம்மா, நீ ஒரு வாட்டி சொல்லேன்” என்று பாக்யா சீண்டினாள்.

“போடி அந்தாண்ட.” உள்ளே போய்விட்டாள்.

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு பாக்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்து, “தங்கவேலு” என்றாள், மெதுவாக, முழுசாக. எனக்கு என்னவோ செய்தது. சுரங்கத்தில் என் பெயரை நம்பரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள், கம்பெனியில் அதட்டிக் கூப்பிடுகிறார்கள், ஆபிரகாம் பாதியாக நறுக்கிவிடுவான். இப்படி ஆசையாக அதைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. “ம்” என்று மட்டும் சொன்னேன்.

“உன்கிட்ட வந்துடுச்சுப்பா. அவங்ககிட்ட வராது” என்றாள். “நீ அடிக்க மாட்டேன்னு தெரியும். அவங்களைப் பார்த்தாலே எழுந்து நிக்கத் தோணுது.”

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “அந்த அம்மா பேர்தான் இன்னாடி?”

“மரைக்கெ.”

“இன்னா?”

“மரைக்கெ மா. கடைசியில கொஞ்சம் முழுங்கிச் சொல்லணும்.”

தாளித்து முடித்துவிட்டுக் குணசுந்தரி தலையை நீட்டினாள். “மரைக்காவா? பேர்லயே அக்கா இருக்குதே. அப்புறம் இன்னாடி உனக்குப் பயம்? அக்கான்னு நெனைச்சிக்கினு கூப்புடு. அவங்க பேருன்னு நெனைச்சிக்கட்டும், நீ மரியாதைன்னு நெனைச்சிக்கோ.”

நானும் பாக்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு அரைமணி நேரம் கூத்தடித்ததெல்லாம் வீண். “மரைக்கா” என்று பாக்யா சொல்லிப் பார்த்தாள். “மரைக்கா, ஒரு டவுட்டு. மரைக்கா, நீங்க சொல்றது தப்பு.” சுவரைப் பார்த்து, தண்ணீர் பிடிக்கும்போது, துணி உலர்த்தும்போது சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டுக்குப் புதுசாக யாரோ அக்கா வந்திருக்கிறாளா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். ஆபிரகாமிடம் பல்வலி என்று சொன்னேன், அவன் நம்பவில்லை. சிக்னல் ஜன்னலோரம்தான் நன்றாக வரும், அங்கே நாற்காலியைப் போட்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். நான் படத்தில் விழாதபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். திரையில் நரைத்த குட்டை முடியோடு ஒரு முகம் வந்தது. கண்டிப்பான முகம்தான், நானாக இருந்தாலும் எழுந்து நின்றிருப்பேன். பாக்யாவின் கை மடியில் துப்பட்டாவைத் திருகிக்கொண்டிருந்தது. எனக்குக் கீழே இறங்குகிற கேஜில் நிற்பது போலக் காது அடைத்தது.

“ஹலோ, மரைக்கா” என்றாள் என் மகள்.

அந்த முகம் கொஞ்சம் சாய்ந்தது. என் பெயரை இப்படி யாரும் சொன்னதில்லை, நன்றாக இருக்கிறது என்றார் ஆங்கிலத்தில். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி பாக்யா பேச ஆரம்பித்தாள். எனக்குப் பாதி புரிந்தது. அந்த மாதிரி மேட்டில் நல்ல மண்ணைப் பரப்பாமல் எதுவும் முளைக்காதே என்று அவர் சொல்ல, “நோ, மரைக்கா” என்று இவள் குறுக்கே பாய்ந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முளைக்கிறது, மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கத்துச் சரிவில் ஒருவகைப் புல் வருகிறது, ஆடுகள் அதைத் தொடுவதில்லை, பக்கத்திலிருக்கிற புல்லைத் தின்கின்றன, ஆட்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள் பேனாவைத் தேடினார். பிறகு இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினார்கள், எங்கள் ரயில் பெட்டி தோற்றுவிடும். செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் என் அறைக்கு வா, இப்படியே சண்டை போடு என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் குணசுந்தரியின் வளையல் கை டீ டம்ளரோடு திரைக்குள் நீண்டது. மகளின் தொண்டை காய்ந்திருக்கும் என்று அவளுக்குக் கவலை. அது யார் என்று கேட்டார் அந்த அம்மாள். “என் அம்மா” என்று பாக்யா போனைத் திருப்பினாள். “ஹலோ, நான் மரைக்கெ. உங்க பேர் என்ன?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

பாக்யா தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை, அந்தக் கேள்வி குணசுந்தரிக்குப் புரிந்தது. தெருவில் அவள் பாக்யா அம்மா, என் சொந்தக்காரர்களுக்கு வேலு சம்சாரம், ரேஷன் கடையில் அடுத்த ஆள். கதவுக்குப் பின்னால் நின்ற என் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “குணசுந்தரி” என்றாள்.

“கூனா...”

“கூன் இல்லம்மா” என்று அவள் டம்ளரோடு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். “கு. ண.”

“கு-னா-சுன்...”

“ண. நாக்கை மேல தூக்கு. ண.” வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஹாலந்தில் அந்த அம்மாளும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். பாக்யா சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டாள். குணசுந்தரி உட்கார்ந்தாள். கையிலிருந்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது, அவள் இன்னும் தன் பெயரின் முதல் பாதியைத் தாண்டவில்லை.