மடு மண் விழுந்த மைதானம்

டென்மார்க்கில், பிராண்டே ஊரின் பேஸ்போல் மைதானத்தில் 1987க்குப் பிறகு பனி விழுந்ததில்லை. வேலிக்கு வெளியே முழங்காலளவு கிடக்கும். உள்ளே பெப்ரவரியிலேயே புல் பச்சைபிடித்துத் தேனீ பறக்கும். இதற்கெல்லாம் காரணம் மன்னார்க்காரரான குருசுமுத்துவின் பாம்புப் பயம்தான். பகலில் தையல் தொழிற்சாலை, பின்னேரம் மைதானத்தில் புல்வெட்டு என்று இருந்த மனிதரிடம், அந்தப் புல்லில் விரியன் உண்டென்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனைவி எமிலியா ஊரிலிருந்து கடிதத்தோடு அனுப்பியிருந்த, பாம்பை அண்டவிடாது என்று மன்னாரில் நம்பும் மடுமாதா கோயில் மண்ணை நாலு மூலையிலும் பந்தெறியும் மேட்டிலும் தூவினார். பாம்பும் வரவில்லை, பனியும் வரவில்லை.

அடுத்த பெப்ரவரியில் கொப்பன்ஹேகனிலிருந்தும் சுவீடனிலிருந்தும் அணிகள் வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து குவிந்தன. கழகத் தலைவர் ஹென்னிங் மர ஆசனங்கள் போட்டு, சொசேஜ் கடையும் திறந்து, அதை ஸ்டேடியம் என்று சொல்லத் தொடங்கினார். ஆள் குறைந்தால் குருசுமுத்துவையும் இறக்குவார்கள். கிரிக்கெட் பழக்கத்தில் மனிதர் மட்டையையும் தூக்கிக்கொண்டே ஓடுவார். மட்டையைப் போட்டுவிட்டு ஓடு என்று அரங்கமே கத்தினாலும் கீழே போடமாட்டார். "போட்டால் ரன் அவுட் ஆக்கிப்போடுவாங்கள்" என்பார்.

எமிலியாவை அழைக்க அவர் போட்ட விண்ணப்பம் மட்டும் அசையவில்லை. தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் அமைச்சில் முடங்கிக் கிடந்த காலம் அது. மன்னாரில் சண்டை என்று கேள்விப்பட்டால் பச்சைத்தண்ணீரும் குடியாமல், வெட்டின இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டுவார். அவள் வருவதற்குள் ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் அவரைத் தின்றது. ஹென்னிங்கும் அமைச்சுக்கு எழுதிப் பார்த்தார். பதில் இல்லை.

1989ல், அமைச்சரே வேண்டுமென்று அவற்றை முடக்கிவைத்த விஷயம் வெளியே வந்து நாடே கொதித்த பிறகுதான் கோப்புகள் நகர்ந்தன. 1990 பெப்ரவரியில் எமிலியா வந்திறங்கினாள். பனிப்புயலால் விமானம் மறுநாள்தான் வரும் என்று சொல்லியிருந்ததால் குருசுமுத்து ஆட்டத்தில் நின்றார். விமானமோ அன்றைக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோணேசன் அவளைக் காரில் நேரே மைதானத்துக்குக் கூட்டிவந்தார். வாசலைத் தாண்டியதும் இரவல் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, ஆட்டத்தின் நடுவாலேயே அவரிடம் நடந்துபோனாள்.

"சாப்பிட்டனீங்களோ?"

"இல்லையப்பா" என்றார் குருசுமுத்து. அவ்வளவு டேனிஷ்காரருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார்.

ஹென்னிங் அன்று எழுதிய குறிப்பு கழகப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது: "மூன்றாவது இன்னிங்ஸ். ஆட்டம் நாற்பது நிமிடம் நிறுத்தம். காரணம், சாப்பாடு. வானிலை, வழமைபோல் வெயில்."