மதிலுக்கு அப்பாலிருந்து வந்த அளவு

நிலம் அளக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியபோது சுகிர்தா வாங்கியது ஒரு பழைய டோட்டல் ஸ்டேஷன், தூரமும் கோணமும் அளக்கும் மிஷின். முக்காலி மேல் இருந்தபடி, கோலில் பொருத்திய பிரிசக் கண்ணாடியைத் தானே தேடித் திரும்பும் ரோபோ வகை. ஆனால் அதைத் தூரத்திலிருந்து இயக்கும் ரேடியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. பொத்தானை அழுத்த மிஷினருகே ஓர் ஆள், கோல் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். சுகிர்தாவோ ஒற்றை ஆள்.

அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த ஹுமைரா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி எடைமேடைகளின் மின்னணுப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவள். மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒயர் சொருவ எடம் இருக்குதில்ல? அது போதும்டி" என்றாள்.

ஒரு ஜோடி சின்ன ரேடியோப் பெட்டிகளை வரவழைத்தாள். ஒன்றை மிஷினின் கேபிளிலும் மற்றதை சுகிர்தாவின் டேப்லெட்டிலும் இணைத்தாள். முதலில் திரையில் குப்பை எழுத்துகள்தான் வந்தன. ரேடியோவின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். பழைய மிஷினுக்கு மெதுவாகப் பேசினால்தான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மதில் கட்டிய ஒரு காலி மனையில் சோதித்தார்கள். சுகிர்தா கோலோடு தூரத்தில் நின்று டேப்லெட்டைத் தொட்டாள். மிஷின் மெல்ல முனகியபடி அவள் பக்கம் திரும்பியது. தூரம் நாற்பத்தொரு மீட்டர் என்றது திரை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த நொடி இன்னோர் அளவு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

"ஹுமைரா, மதிலே எம்பது மீட்டர்லதான் இருக்குது. எரநூறு மீட்டர்ல யாரு பிரிசம் புடிச்சிக்கினு நிக்கிறா?"

"கணக்கு தப்பா வருதோ இன்னாவோ. நான் மிஷின ஆஃப் பண்றேன்."

அணைத்தாள். அதன் பிறகும் திரையில் அளவுகள் வந்துகொண்டேயிருந்தன. இருநூற்றுப் பதினைந்து. இருநூற்றுப் பத்தொன்பது. யாரோ கோலோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

ஹுமைரா டேப்லெட்டிலிருந்த ரேடியோவைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். சிக்னலின் பலம் அதில் தெரிந்தது. சுகிர்தா ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஹுமைரா வழி சொன்னாள். "இங்க கொறையுது, திரும்பு. ம், ஏறுது, ஏறுது." ஹைவேயைக் கடந்து எளாவூர்ப் பக்கம் கொஞ்சம் போனதும் சிக்னல் உச்சத்துக்குப் போனது.

அங்கே ஒரு குடோனுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் கோலோடு நின்று, தன் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தார். அதுவும் பழசு. அதன் கேபிளிலும் அதே சின்னப் பெட்டி.

"கொஞ்ச நேரமா ஒரே பேஜாரும்மா. நான் இங்க நிக்கிறேன், அது எங்கியோ திரும்பிப் பாக்குது" என்றார். அவர் பெயர் ஸ்டீபன், அவரும் சர்வேயர்தான்.

"அண்ணா, அத திருப்புனது நான்தான்" என்றாள் சுகிர்தா.

ஹுமைரா விளக்கினாள். இந்தப் பெட்டிகள் எல்லாமே தொழிற்சாலையிலிருந்து ஒரே எண்ணோடுதான் வருகின்றன. யாரும் மாற்றாவிட்டால், எந்தப் பெட்டி பேசினாலும் எல்லாப் பெட்டிக்கும் கேட்கும். அதனால்தான் சுகிர்தா தொட்டபோது அவர் மிஷினும் திரும்பியது, அவர் கோலின் அளவுகள் இவள் திரையில் வந்தன.

"ஒங்க பெட்டிக்கு வேற நம்பர் குட்த்தா சரியாயிடும்ணா."

"இரும்மா, மாத்தாத. அவ்ளோ தூரத்துலேர்ந்தா திருப்புன? ஒன் சிக்னல் எது வரிக்கும் போவும்னு பாத்துடலாம்."

ஹுமைராவின் முகம் மலர்ந்தது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவை மறுபடி டேப்லெட்டில் மாட்டி, ஸ்டீபனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி சுகிர்தா திரையைத் தொட்டாள். "திரும்பிச்சு!" என்று ஒவ்வொரு முறையும் ஸ்டீபன் கத்தினார். காலி மனையைத் தாண்டி, இரும்பு உருக்காலையின் நீளமான தகரச் சுவருக்குப் பின்னால் போனதும் அவர் குரல் தணிந்தது. "இல்லம்மா. இப்ப சும்மா நிக்குது."

பிறகுதான் திரும்பிப் போய் ஸ்டீபனின் பெட்டிகளுக்கு வேறு எண் கொடுத்தார்கள்.

அன்று மதியம் சுகிர்தா அந்த மனையைத் தனியாகவே அளந்தாள். கடைசி மூலையில் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. அதற்குள் அவள் நுழைந்ததும் மிஷின் அவளைத் தவறவிட்டது. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது, கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தது. முள்ளை விலக்கி அவள் கோலை உயர்த்தினாள். சட்டென்று அது நின்றது. திரையில் அளவு வந்தது.

"கண்டுபுடிச்சிடுச்சு!" என்று கத்தினாள்.

நிழலில் உட்கார்ந்திருந்த ஹுமைரா எழுந்து ஓடி வந்தாள். "இன்னொரு வாட்டி ஒளிஞ்சிக்கோடி. எப்டி தேடுதுன்னு நான் பாக்கணும்."