பஸ் இல்லாத பக்கம்

போர்டு எழுதுகிறவரின் மகள் ஏழு வயதில் பஸ் மோதி இறந்தாள். இறந்த பிறகுதான் கிடுகிடுவென்று வளர ஆரம்பித்தாள். நகராட்சியில் வரி கட்டப் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

வரி கட்டும் அந்தக் கூடத்தின் நீளச் சுவரில், ஊரின் எல்லாக் காலத்தையும் ஒரே தெருவாக வரையச் சொல்லி அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். இடது கோடியில் குதிரை வீரர்களும் மாட்டு வண்டிகளும், நடுவில் கரி ரயிலும் மில்லுக்குப் போகும் பெண்களும், வலது கோடியில் பஸ் நிறுத்தமும் செல்போனும் கையுமாக நம் ஆட்களும். எல்லோருக்கும் மேலே ஒரே சூரியன். மகளைப் புதைத்த மறுவாரம் மனுஷர் அவளையும் அதில் சேர்த்தார். நம் பக்கம் வைக்கக் கை வரவில்லை. பஸ்ஸே இல்லாத பக்கமாகப் பார்த்து, ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் முதுகு காட்டி நிற்கவைத்தார். முகத்தை வரையத் தெம்பு இல்லை.

மனைவி பார்த்துவிட்டு வெடித்தாள். "அங்க யாரைத் தெரியும் அவளுக்கு? ராத்திரி தனியாப் படுக்க மாட்டாளே! இந்தப் பக்கம் கொண்டு வாங்க."

"சுரண்டினா அழிஞ்சிடுவாம்மா."

"அப்போ முகத்தையாவது திருப்புங்க. ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்."

அதற்கும் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் தினமும் கூடத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். முந்நூறு வருஷம் பின்னால் கிடக்கிற இடத்துக்கு அவசரம் அதிகம் போலிருக்கிறது. ஒரு மழைக்காலத்துக்குள் சுவரில் மகளின் பாவாடை குட்டையாகி, பின்னல் இடுப்பைத் தொட்டது. அடுத்த வருஷம் பக்கத்தில் ஒரு வண்டிக்காரன் வந்து நின்றான். "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை பாருங்க" என்று பெற்றவள் கணவரிடம் சொல்லி அழுதாள். பையன் நல்ல களை என்றும் சேர்த்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு குழந்தை ஏறியது, இறங்கியது, இன்னொன்று ஏறியது. "பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான்மா" என்று குமாஸ்தா ரசீதைக் கிழித்தபடியே தகவல் சொல்வார். முகம் மட்டும் திரும்பவே இல்லை. பின்னலும் நரைத்துவிட்டது.

கூட்டம் நெரிந்த ஒரு திங்கட்கிழமை காலை, கூன் விழுந்த அந்தக் கிழவி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். பெற்றவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மகளுக்கு எண்பது இருக்கும். பொக்கை வாயால் சிரித்தாள், சின்னப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி. "அடி என் கண்ணு, இப்படித் தளர்ந்து போயிட்டியே!" என்று இவள் சுவரோடு சாய்ந்து கதறினாள். வரிசையில் அன்றைக்கு யாரும் யாரையும் முந்தவில்லை.

மறுநாள் வண்டிக்குப் பின்னால் வெறும் தெரு இருந்தது. கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷம் தனித்தனியாக அழுததை அன்றைக்கு இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் பிள்ளைகள் உண்டா என்று அவளைக் கேட்பார்கள். ஒரு பொண்ணு இருந்தா, வயசாகித்தான் போனா என்பாள். அக்கம்பக்கத்தில் யாரும் அதைத் திருத்துவதில்லை.