இலக்கம் போடாத வயது

ஜேர்மன் நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதத்தை அருட்பிரகாசம் மூன்று நாளாக அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தார். பான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மகள் சிவானுஜா வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியே எடுத்தார்.

அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். வருகிற தையிலிருந்து ஐந்து வருடத்துக்கு அப்பா ஷொஃபே. நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்து தீர்ப்புச் சொல்லும் பொதுசனம். நகரசபைப் பதிவேட்டில் சீட்டுப்போட்டு எடுத்த பெயராம்.

எழுபதாயிரம் சனத்துக்குள் சீட்டுத் தன் தலையில் விழுந்ததை அருட்பிரகாசம் நம்பவில்லை. ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளர் விஜயரத்தினத்தின் வேலையாகத்தான் இருக்கும். பழசைக் கிண்டுகிறான்.

"எடுக்கமுதல் விசாரிப்பாங்களோ, பிள்ளை?"

அமெரிக்காவில்தான் அப்படி என்றாள் அவள். அங்கே ஜூரிக்கு ஆள் எடுக்கமுதல் கேள்வி கேட்பார்கள். அதற்கு 'வ்வார் டீர்' என்று பெயர். இப்போதைய பிரெஞ்சில் முதற்சொல் 'பார்' என்பதுபோல இருந்தாலும், லத்தீனிலிருந்து வந்த பழைய பிரெஞ்சில் அதற்கு உண்மை என்றுதான் அர்த்தம். உண்மையைச் சொல்லு, அவ்வளவுதான்.

"இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம். வயது எழுபதுக்குள்ளயோ எண்டு பதிவைப் பாப்பினம். பிறகு உண்மைக்கும் நீதிக்கும் மட்டும் வேலை செய்வன் எண்டு சத்தியம் எடுக்கவேணும்."

எண்பத்தைந்தாம் ஆண்டு ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டிலிருந்த பிறந்த தேதியைத்தான் அருட்பிரகாசம் அகதி விண்ணப்பத்திலும் சொன்னார். மூன்று வயது குறைவு. பிரசாவுரிமையும் அதே தேதியில்தான் கிடைத்தது. பதிவில் அறுபத்தெட்டு, உள்ளபடி எழுபத்தொன்று. கேள்வி கேட்கிறவனைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். கேட்காமலே சத்தியம் வாங்குகிறவனிடம் என்ன செய்வது?

கதவைச் சாத்திவிட்டு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கைவிரலில் வருசங்களை எண்ணினாள். "அப்ப நான் வருசாவருசம் செய்த பிறந்தநாள் கேக்?"

"கேக்கில பிழையில்லை."

அவள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் ஏலாது என்று எழுதிக் கொடுக்கலாம். ஒரு கிழமை அவகாசம். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

பதிவு வயதும் தாண்டிவிட்டது, உண்மை வயதும் தாண்டிவிட்டது. அருட்பிரகாசம் இரண்டு தரம் யோசித்தார்.

"அறுபத்தைஞ்சுக்கு மேல எண்டு மட்டும் எழுது. இலக்கம் போடாத."

கையெழுத்து வைத்தபின், தபாலையும் நம்பாமல், தானே நடந்துபோய் நீதிமன்ற வாசற் பெட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டு, விழுந்ததோ என்று பெட்டிக்குள் குனிந்தும் பார்த்தார்.